சத்தம் நின்ற இடம்

தம்பி,

நீ பாடம் நடத்தும் வேலைக்காகக் கூச்சிங்குக்கு விமானம் ஏறி இன்றோடு பதினாறு நாள். வீட்டில் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. காலையிலிருந்து சமையலறை அலமாரியை இரண்டு முறை துடைத்துவிட்டேன். துணி காய்ந்துவிட்டதா என்று மூன்று முறை வெளியே போய்ப் பார்த்தேன்; இன்று துணியே துவைக்கவில்லை என்பது மூன்றாவது முறைதான் நினைவுக்கு வந்தது. உன் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "உக்காரேன் லா. என்னா எழுதணுமோ எழுதி முடிச்சிடு. நீ நடக்கிறதப் பாத்து எனக்குக் கால் வலிக்குது" என்றார். அவருக்கு விஷயம் தெரியும். போன வாரம்தான் சொன்னேன். உன்னிடம் போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் நீ அவசரமாக என்னைச் சமாதானப்படுத்திவிடுவாய். அதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்த முதல் வாரமே உன் புது வகுப்பைப் பற்றி எழுதியிருந்தாய். இலக்கியமும் வரலாறும் படிக்கிற பிள்ளைகள் வேறு துறை மாணவர் ஒருவரோடு சேர்ந்து, இருவருக்கும் விடை தெரியாத ஒரு கேள்வியை எடுத்து வேலை செய்ய வேண்டும் என்றாய். "பிள்ளைங்க பயப்படுறாங்க மா. எனக்குக் கணக்கு வராது, மண்ணப் பத்தி எனக்கு என்னா தெரியும்னு ஒவ்வொருத்தரா வந்து நிக்கிறாங்க. நான் என்னா சொல்றது?" என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விதான் என்னை உட்கார விடவில்லை. உன் படிப்பைப் பற்றி என்னிடம் நீ எதுவும் கேட்காமல் போய்ப் பல வருடம் ஆகிறது. அதற்குக் காரணம் நான்.

இரண்டாம் படிவத்தில் நீ படித்தபோது, கிந்தா ஆறு போகும் வழியை வரைந்து வரச் சொன்னார்கள். நீ ஆற்றை வரைந்துவிட்டு, ஒவ்வொரு ஊரைத் தாண்டும்போதும் அது என்ன பேசிக்கொண்டு போகிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தாய். ஈயச் சுரங்கங்களைத் தாண்டும் இடத்தில், 'என்னைக் கலக்கிவிட்டார்கள், என் முகம் எனக்கே தெரியவில்லை' என்றது உன் ஆறு. நான் பிளான் வரைகிறவள். அளவு இல்லாத படத்தைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும். அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டு, அடிக்கோல் வைத்துத் திரும்ப வரைய வைத்தேன். "ஜியோகிராபினா ஜியோகிராபி. கதைக்கு வேற நோட்டு இருக்கு" என்றேன். நீ அழவில்லை. ஒழுங்காக வரைந்து முழு மதிப்பெண் வாங்கினாய். அந்தப் படம் இன்னும் என் ஃபைலில் இருக்கிறது. எதற்காக வைத்திருக்கிறேன் என்று தெரியவில்லை. அது மாதிரி நூறு ஆற்றுப் படம் இருக்கும், அது உன் கைவேலை என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

எல்லாவற்றையும் தனித்தனி நோட்டில் வைக்கும் இந்தப் புத்தி எனக்கு வேலையில் வந்தது. இருபத்து மூன்று வயதில் ஈப்போ பழைய டவுனில் ஒரு நில அளவை ஆபீசில் சேர்ந்தேன். வெளியே போய் அளப்பவர்கள் ஆண்கள். அவர்கள் கொண்டுவரும் எண்களை மையில் படமாக்குவது என் வேலை. அந்த ஆபீஸ் இப்போது இல்லை, முதலாளியும் இல்லை. நான் சேர்ந்த இரண்டாம் வருடம், சுங்காய் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறியது. பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடப்போகிறார்கள், வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் குடியிருந்த தொழிலாளர்கள் வெளியேறுகிறார்கள், அதற்கெல்லாம் முன்னால் ஒரு புது பிளான் வேண்டும் என்றார்கள். அளந்து வந்தவர் சேவியர் அண்ணன். தன் குறிப்பு நோட்டை என் மேசையில் வைத்துவிட்டு, "தங்கச்சி, குன்றுக்குப் பின்னால இடுகாடு ஒண்ணு இருக்கு. நூறு குழிக்குக் குறையாது. பாதி சின்னப் புள்ளைங்க குழி. விட்டுடாத" என்றார். பென்சிலில் குறித்துக்கொண்டேன். முதலாளி வந்து குனிந்து பார்த்தார். "இதுக்குப் பதிவு இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப அழி" என்றார்.

அழித்தேன். அன்று அது எனக்கு உறுத்தக்கூட இல்லை என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். யாரோ என்னை மிரட்டினார்கள், அழுதுகொண்டே அழித்தேன் என்றெல்லாம் கதை கட்ட எனக்கு ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ரப்பரால் அழித்து, தூளைக் கையால் தட்டிவிட்டு, அந்த இடத்தை வெள்ளையாக விட்டேன். பிளான் பார்க்கச் சுத்தமாக இருந்தது. மூலையில், வரைந்தவர் என்ற கட்டத்தில், என் இனிஷியலைப் போட்டுவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போனேன். சேவியர் அண்ணன் அதற்குப் பிறகு என்னிடம் அதிகம் பேசவில்லை.

அதே பிளானின் நகலை, முப்பது வருடம் கழித்து, நீ நம் சாப்பாட்டு மேசையில் விரித்தாய். அப்போது நீ மூன்றாம் ஆண்டு வரலாறு. கோப்பெங்கிலிருந்து வந்த மெய் யீ உன்னோடு சேர்ந்திருந்தாள், மண்ணியல் மாணவி. சுங்காயில் நாசி லெமாக் சோறு விற்கும் ராசம்மா அக்கா உன்னிடம் ஒன்று கேட்டதை அன்று நீ சொன்னாய். "படிச்ச புள்ளதானே நீ? என் புள்ள எங்க கெடக்குதுனு கண்டுபிடிச்சுச் சொல்லேன்." பிறந்து நாற்பது நாளில் இறந்த குழந்தை. கணவர் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். அவரும் இறந்துவிட்டார். தோட்டத்தில் வேலை செய்த மற்றவர்கள் திசைக்கு ஒருவராகப் போய்விட்டார்கள். மரமெல்லாம் மாறிவிட்டது. நீ அவ்வளவையும் சொல்லி முடித்தாய். நான் பிளானின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு முந்தைய இனிஷியல் என்பதால் உனக்குத் தெரியவில்லை.

"அங்க ஒண்ணும் இருக்காது. இருந்தா பிளான்ல இருக்கும்" என்றேன்.

"யாராவது விட்டிருக்கலாம்ல மா?"

"வரையிறவங்க அப்படி விட மாட்டாங்க."

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த மூன்று வாரம் உங்கள் இரண்டு பேருக்கும் ஒன்றும் நடக்கவில்லை. பழைய ஆண் தொழிலாளர்கள் நான்கு பேரைத் தேடிப் பிடித்தீர்கள். நான்கு பேரும் நான்கு இடம் காட்டினார்கள். மெய் யீ, "இடம் எதுன்னு தெரியாம எந்த மண்ணை நான் பார்க்கிறது? முந்நூறு ஏக்கரையும் துளைக்கவா?" என்று உன்மேல் எரிந்து விழுந்தாள். நீயோ அவளுக்கு மனிதர்களிடம் பேசத் தெரியவில்லை என்று என்னிடம் குறைபட்டாய். எனக்கு உள்ளூர நிம்மதி. ஒரு நாள் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டே ராசம்மா அக்கா பேசிய பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தவன், தண்ணீர்க் குழாயை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடி வந்தாய்.

"அம்மா, அவங்க அந்த இடத்தப் பாத்ததே இல்ல மா! பொம்பளைங்க இடுகாட்டுக்குப் போக மாட்டாங்க. நான் இத்தன நாளா எங்க இருந்துச்சு, எங்க இருந்துச்சுனே கேட்டுட்டு இருக்கேன். அவங்களுக்கு எப்படித் தெரியும்? ஆனா இத்தன மணி நேரத்துல அவங்க எத்தன தடவ சத்தத்தப் பத்திப் பேசுறாங்க தெரியுமா? சாவு போறப்ப பாலத்துல பறை நிக்கும். அப்புறம் திரும்பக் கேக்கும். அப்புறம் குன்றுக்கு அந்தாண்ட போயி அமுங்கிப் போகும். லயத்துல நின்னுட்டு இருந்தவங்களுக்கு அது மட்டும்தானே தெரியும்!"

பறையை அடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் நடப்பது, பழைய லயம் இருந்த இடத்தில் ராசம்மா அக்காவை நிறுத்திக் கேட்க வைப்பது, அவர் நினைவில் உள்ள சத்தம் எந்த இடத்தில் வருகிறதோ அங்கே நிறுத்துவது. உன் யோசனை இவ்வளவுதான். மெய் யீ உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பால்மரக் காட்டில் சத்தம் போகிற மாதிரி செம்பனைக் காட்டில் போகாது, மாறாமல் இருப்பது குன்று மட்டும்தான், அதை வைத்து இடத்தைக் குறுக்கலாமே தவிர முடிவு சொல்ல முடியாது என்றாள். நம் வீட்டு வாசலில் நின்று ஒரு மணி நேரம் சண்டை போட்டீர்கள். சண்டை முடிந்தபோது யோசனை உன்னுடையதாகவும் இல்லை, அவளுடையதாகவும் இல்லை. இரண்டு பேரும் மாற்றி மாற்றித் திருத்தியதில் அது வேறொன்றாகியிருந்தது. காபி கொண்டுவந்த நான் கதவருகே நின்று அதைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக உன்னை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை உன் மோட்டார் சைக்கிள் ஒர்க்‌ஷாப்பில் இருந்தது. உங்களைக் காரில் அழைத்துப் போக நானே முன்வந்தேன். உதவி செய்ய என்று நினைத்திருப்பாய். நீ எவ்வளவு தூரம் வந்துவிட்டாய் என்று பார்க்கத்தான் வந்தேன். நீ கடன் வாங்கி வந்த பறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனாய். மெய் யீ போனில் இடத்தைக் குறித்துக்கொண்டு உன் பின்னால் போனாள். நானும் ராசம்மா அக்காவும் லயம் இருந்த இடத்தில் மிஞ்சியிருந்த பழைய தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டுத் தளத்தில் நின்றோம். அவர் என் வயதுக்காரர். கையில் மிளகாய் வாசனை. காலை விற்பனையை முடித்துவிட்டு அப்படியே வந்திருந்தார். முதல் வழியில் நீ போனதும், "இது இல்ல லா அக்கா. இது ரோட்டுப் பக்கம் போற சத்தம்" என்று சிரித்தார். இரண்டாவது வழியில் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாவது முறை நீ பாலத்தில் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கியபோது, அவர் என் கையைப் பிடித்தார். சத்தம் குன்றைச் சுற்றியது. பாத்திரத்தைப் போட்டு மூடியது போல அமுங்கியது.

"இப்பதான் நிக்கும்" என்றார். "இப்ப... இப்ப. நிறுத்தச் சொல்லுங்க அக்கா. நிறுத்தச் சொல்லுங்க."

நான்தான் உன்னைப் போனில் கூப்பிட்டு, "நிறுத்து" என்றேன்.

அவர் சிமெண்டில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் நின்ற பக்கத்தைப் பார்த்து, "இவ்வளவு கிட்டவா?" என்று கேட்டார். "நான் ரொம்பத் தூரம்னு நெனச்சிட்டு இருந்தேன். கிட்டதான்னா தெனம் வெளக்குமாவது வச்சிருப்பேனே."

குன்றுக்குப் பின்னால் நீ நின்ற இடம், நான் பென்சிலில் போட்டு அழித்த இடம். அங்கே நிற்கும்போதே எனக்குத் தெரியும். அவர் கை என் கையில் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். காரில் திரும்பும்போது நீ, "இனிமே பிளான் வரைஞ்சவங்களத் தேடணும் மா. மூலையில இனிஷியல் இருக்கு. அவங்க உயிரோட இருந்தா கேட்டுடலாம்" என்றாய். பின் சீட்டில் மெய் யீ, அடுத்த வாரம் மண்ணைப் பார்த்துவிடலாம் என்றாள். நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் ஈப்போ வரை ஓட்டினேன்.

திங்கட்கிழமை நான் செய்ததைத்தான் நீ இன்றுவரை அறியமாட்டாய். உன் விரிவுரையாளருக்குப் போன் செய்தேன். பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, அவன் சக்திக்கு மீறின வேலை இது, களவேலையை நிறுத்திவிட்டுப் பேட்டிகளை மட்டும் வைத்து எழுதச் சொல்லுங்கள் என்றேன். நான் கூப்பிட்டதாகச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டேன். அவர் நல்ல மனிதர், நம்பினார். உன்னைக் கூப்பிட்டு, உன்மேல் அக்கறை உள்ள ஒருவர் கவலைப்படுகிறார், வேலையைச் சுருக்கிக்கொள் என்றார். அந்த ஒருவர் மெய் யீ என்று நீ முடிவு செய்தாய். "முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? முதுகுக்குப் பின்னால எதுக்கு?" என்று நீ அவளிடம் போனில் கத்தியபோது நான் அடுத்த அறையில் இருந்தேன். ஸ்பீக்கரில் அவள் இல்லை இல்லை என்று எத்தனை முறை சொன்னாள் என்பதும் எனக்குக் கேட்டது. அதன் பிறகு நீங்கள் இருவரும் பேசவில்லை. நீ நன்றாகத்தான் எழுதிக் கொடுத்தாய். ஆனால் அதன் கடைசிப் பக்கத்தில், 'அந்த இடம் இன்று எதுவென்று தெரியவில்லை' என்று இருந்தது. தெரிந்த ஒன்றைத் தெரியவில்லை என்று உன்னை எழுத வைத்தவள் நான். பயம் என்று சொல்லிப் பார்த்தேன், வெட்கம் என்று சொல்லிப் பார்த்தேன். எந்தப் பெயர் வைத்தாலும் நான் செய்தது அதுதான்.

எட்டு வருடம் கழித்து, இப்போது நீ கூச்சிங்குக்குப் புறப்பட்ட மூன்றாம் நாள் ராசம்மா அக்கா கூப்பிட்டார். அன்று வாங்கிய நம்பரை வைத்திருந்திருக்கிறார். "அக்கா, மறுநடவு செய்யப் போறாங்களாம். வெட்டப்போற மரத்துக்கெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடிச்சிட்டாங்க. அடுத்த மாசம் தோண்டுற மெஷின் வருது. தம்பிகிட்ட கொஞ்சம் சொல்லுங்க." உன்னிடம் சொல்லவில்லை. இது நீ செய்ய வேண்டிய வேலை அல்ல. மறுநாள் பஸ் ஏறிக் கோப்பெங் போனேன்.

மெய் யீ இப்போது ஈப்போவில் மண் பரிசோதிக்கும் ஒரு நிறுவனத்தில் இருக்கிறாள். அன்று அவளுக்கு விடுமுறை. நான் மலாய் மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன், பென்சிலிலிருந்து போன் வரை. முடித்ததும், "ஆன்ட்டி, அவன் என்னை நம்பலையேங்கிறதுதான் எனக்குக் கோபம். இப்பவும் கோபம்தான்" என்றாள். எழுந்து உள்ளே போனாள். என்னைப் போகச் சொல்கிறாள் என்று நினைத்துக் கைப்பையை எடுத்துக்கொண்டேன். அவள் ஒரு ஃபைலோடு வந்தாள். நீ அவளோடு பேசுவதை நிறுத்திய பிறகு, ராசம்மா அக்காவிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவள் தனியாக அந்த இடத்துக்குப் போயிருக்கிறாள். குழிகள் இருக்கக்கூடிய நடுப்பகுதியைத் தொடவே இல்லை. ஓரங்களில் மட்டும் விரல் தடிமன் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்த்திருக்கிறாள். மேல்மண்ணும் ஆழத்து மஞ்சள் மண்ணும் ஒன்றோடொன்று கலந்து கிடந்ததாம். கலவை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று வரைந்து, தேதி போட்டு, எட்டு வருடமாக வைத்திருக்கிறாள். "இது மட்டும் போதாது ஆன்ட்டி. யாரோ மண்ணைக் கிளறியிருக்காங்கனு மட்டும்தான் இது சொல்லும். எதுக்குக் கிளறினாங்கனு ராசம்மா ஆன்ட்டிதான் சொல்லணும். அங்க இடுகாடு இருந்ததை அளக்கப் போனவர் பார்த்தார்னு நீங்க சொல்லணும்" என்றாள்.

சொன்னேன். சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டேன். இன்ன வருடம், இன்ன பிளானில், அளந்து வந்தவர் சொன்ன இடுகாட்டை நான் குறித்தேன், பிறகு அழித்தேன் என்று மலாயில் எழுதிக் கொடுத்தேன். அதோடு ராசம்மா அக்காவின் பேச்சு, மெய் யீயின் படம், உன் பழைய ஒலிப்பதிவு எல்லாவற்றையும் சேர்த்து மாவட்ட நில அலுவலகத்தில் கொடுத்தோம். கௌண்டரில் இருந்த மலாய்ப் பெண் இரண்டு முறை படித்துவிட்டு, அத்தை என்கிற மாதிரி, "மக்சிக், இத்தனை வருஷம் கழிச்சு ஏன்?" என்று கேட்டாள். ரசீதை வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். நில அலுவலகம் இடத்தைப் பார்வையிட்டு முடிவு சொல்லும் வரை அந்தப் பகுதிக்கு மெஷின் அனுப்புவதில்லை என்று தோட்ட நிர்வாகம் எழுத்தில் கொடுத்திருக்கிறது. அவ்வளவுதான் இதுவரை. ஜெயித்துவிட்டோம் என்று நினைக்காதே.

உன் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று கேட்டாயே. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நில அளவை தெரிந்த நான், பிளானில் இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அது தெரியாத நீ, ஒரு பெண்ணிடம், அவர் காதில் என்ன விழுந்தது என்று விசாரித்தாய். தெரியாமல் இருப்பதற்கு அவர்கள் பயப்பட வேண்டாம் என்று சொல். ஆனால் பாதியோடு நிற்க விடாதே. மெய் யீ மண்ணைப் பார்த்திருக்காவிட்டால் உன் யோசனை ஒரு நல்ல கதையாக மட்டும் இருந்திருக்கும். இரண்டு பாடத்தை ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சேர்த்துப் படித்தோம் என்று சொல்கிறவர்களை நம்பாதே. வாசலில் நின்று சண்டை போட வை. சண்டைக்குப் பிறகு பேசாமல் போய்விடாதபடி பார்த்துக்கொள். அப்புறம், அவர்கள் கையில் எடுக்கிற ஒவ்வொரு படத்தையும் தாளையும் யாரோ ஒருவர் வரைந்திருக்கிறார், வரைந்தவருக்கு ஒரு முதலாளி இருந்திருக்கிறார் என்று சொல்லிக் கொடு. என் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் சொல். நான் வெட்கப்பட்டுக்கொள்கிறேன்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் மெய் யீயைக் கூப்பிடு. நம்பர் மாறவில்லை. அவள் எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிடு. அவள் திட்டினால் கேட்டுக்கொள். அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது.

வரும் செவ்வாய்க்கிழமை காலை நில அலுவலக ஆட்கள் தோட்டத்துக்கு வருகிறார்கள். இடத்தை நான்தான் காட்ட வேண்டுமாம். அழித்தவள் நான்தான் என்று ராசம்மா அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை; அதை அங்கே வைத்துச் சொல்லப் போகிறேன். நேற்று இதைச் சொல்ல ராசம்மா அக்காவைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமையா என்று இரண்டு முறை கேட்டார். பிறகு, "நானும் வரலாமா அக்கா? பொம்பளைங்க அங்க போகக் கூடாதுனு சொல்வாங்களே" என்றார்.

"வாங்க அக்கா. நானும் பொம்பளதானே, போலாம்" என்றேன்.

"சரி, வாரேன்" என்றார். "புள்ளைக்கு என்னா கொண்டு வர்றது?"

அம்மா